கொடை வாரத்து இரவு ஷிப்ட்

என் மதினி முதன்முதலாகக் கம்பெனி பஸ்ஸில் ஏறிய சாயங்காலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். பஸ் எங்கள் ஊர் அம்மன் கோயில் முக்கில் வந்து நின்று, கதவும் திறந்துவிட்டது. மற்றப் பெண்கள் எல்லாரும் ஏறிவிட்டார்கள். மதினி மட்டும் படிக்கட்டில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். கண்டக்டரைக் காணோம். "சீட்டு யாருகிட்ட எடுக்கணும் தம்பி?" என்று என்னிடம் கேட்டாள். சீட்டெல்லாம் கிடையாது, சும்மாதான் கூட்டிப் போவார்கள் என்றேன். ஒரு நிமிஷம் யோசித்தாள். "சும்மா கூட்டிட்டுப் போவாங்க, சரி. சும்மாவே திரும்பக் கொண்டாந்தும் விடுவாங்களா?" பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மதினி சிரிக்கவில்லை. பதில் தெரிந்த பிறகுதான் மற்றக் காலையும் எடுத்து உள்ளே வைத்தாள். காரியம் என்றால் அவளுக்குப் போக்கும் தெரிய வேண்டும், வரத்தும் தெரிய வேண்டும்.

அந்த பஸ்ஸை அனுப்பியவன் நான்தான். தாழையூத்துக்கு வடக்கே இருக்கும் தொழிற்பேட்டையில், சோலார் தகடு செய்கிற ஒரு ஆலையில், போக்குவரத்துப் பிரிவில் எனக்கு வேலை. எந்த ஊருக்கு எந்த பஸ், எந்த முக்கில் எத்தனை பேர், டயர் வெடித்தால் மாற்று வண்டி எங்கே என்று பார்ப்பது என் பாடு. அதற்கு முன்னால் பல வருஷம் பம்பாயில் ஒரு மளிகைக் கடையில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். என் அண்ணன், அதாவது மதினியின் வீட்டுக்காரர், திருச்சூரில் ஒரு ஓட்டலில் மாஸ்டர். எங்கள் ஊர் சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாயும் ஊர். தாமிரபரணி வற்றாது என்று பெருமை பேசுவோமே தவிர, மீசை முளைத்ததும் ஒவ்வொருத்தனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பம்பாய்க்கோ கேரளாவுக்கோ துபாய்க்கோ போய்விடுவான். வேலை என்றால் ஊரைவிட்டுப் போவது, அதுவும் ஆண்பிள்ளைகள் போவது. பெண்கள் வீட்டில் இருந்து பீடி சுற்றுவார்கள். அதை யாரும் வேலை என்று சொன்னதே இல்லை. "சும்மாதான் இருக்கா, பீடி சுத்துதா" என்பார்கள். மதினி அப்படிச் சும்மா இருந்தவள்தான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மடியில் சுளகு என்கிற முறத்தை வைத்து, காலை முதல் விளக்கு வைக்கும்வரை இலையை நறுக்கித் தூளைப் போட்டுச் சுருட்டி நூலைக் கட்டினாள். இருமலும் முதுகுவலியும்தான் அதில் மிஞ்சியது. ஆலையில் முப்பத்தைந்து வயது வரைக்கும் எடுப்பார்கள் என்று நான் சொன்ன அன்று, அடுத்த வருஷம் என்றால் தனக்குக் கிடைக்காது என்பதைக் கணக்குப் பார்த்து, மறுநாளே ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஆலையில் அவளுக்குக் கொடுத்த வேலை, கண்ணாடிக்கு அடியில் அடுக்கிய கறுப்புத் தகடுகளில் கீறல் இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது. தலையோடு கால் வெள்ளை அங்கி, முகமூடி, தலைக்குத் தொப்பி. பூ கூடாது, வளையல் கூடாது. "என்னைய எனக்கே அடையாளம் தெரியல, கண்ணாடியப் பாத்தா ஏதோ டாக்டரம்மா நிக்கா" என்று வீட்டில் வந்து சொன்னாள். முதல் சம்பளத்தில் மகளுக்குப் பாலிடெக்னிக் பீஸ் கட்டினாள். சம்பளத்தைவிட அவளுக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. மாதத்தில் ஒருநாள் காய்ச்சல் என்று படுத்தால் அதற்கும் லீவு உண்டு, மருந்துக்கும் அட்டை உண்டு. பீடியில் படுத்தால் படுத்ததுதான்.

எங்கள் ஊரிலிருந்து பதினான்கு பெண்கள் போனார்கள். ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் போவார்கள் என்பதால் பதினான்கு பேரையும் ஒரே உற்பத்தி வரிசையில் நிறுத்தினார்கள். எல்லாருக்கும் வசதி, பேச்சுத் துணையும் ஆச்சு. அந்த வசதியில் என்ன வில்லங்கம் இருக்கிறது என்று முதல் சித்திரையில் தெரிந்தது. எங்கள் அம்மன் கோயில் கொடை, அதாவது வருஷத் திருவிழா, வந்தது. அந்த வாரம் எங்கள் பெண்களுக்கு இரவு ஷிப்ட், பஸ் காலியாகப் போய்க் காலியாக வந்தது. பதினான்கு பேரும் இல்லாமல் ஒரு வரிசை முழுக்க நின்றுபோய்விட்டது. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரரான மேலாளர் என்னைக் கூப்பிட்டு, கோபமே இல்லாமல், "சாமி காரியத்துல நான் தலையிடலீங்க. ஆனா அடுத்த வருசமும் இப்படி நின்னுதுன்னா அந்த ஊருக்கு பஸ் வேண்டாம்ங்க. வேற ஊருல ஆள் எடுத்துக்கலாம்ங்க" என்றார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. வரிசை நின்றால் மேலே அவர் தலைதானே உருளும்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சிரமம். கொடை என்பது ஒரு செவ்வாய்க்கிழமை என்றாலும், அதற்கு முந்தின செவ்வாயே கோயில் முன்னால் பந்தல்கால் நாட்டிவிடுவார்கள். கால் நாட்டும்போது ஊருக்குள் இருந்தவர்கள், கொடை முடிகிறவரை இரவில் ஊர் எல்லையைத் தாண்டித் தங்கக்கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பொழுது அடைவதற்குள் திரும்பிவிட வேண்டும். பம்பாயிலும் கேரளாவிலும் இருக்கிற ஆண்களை இந்த வழக்கம் கட்டாது, கொடைக்கு முந்தின நாள் வந்து இறங்கினால் போதும். ஊரோடு இருக்கிறவர்களைத்தான் கட்டும். ஊரோடு இருந்தது எப்போதும் பெண்கள்தான். அவர்கள் இரவில் எங்கே போகப்போகிறார்கள் என்று யாரும் யோசித்ததில்லை. இப்போது பெண்களும் ஊரோடு இருந்துகொண்டே இரவு வேலைக்குப் போகிறார்கள். இப்படி ஒரு காலம் வரும் என்று அந்த வழக்கத்தை ஏற்படுத்தின ஆட்களுக்கு யார் சொல்லியிருக்க முடியும்?

இரண்டாம் வருஷமும், சொல்லி வைத்ததுபோல், கொடை வாரமும் எங்கள் ஊர்ப் பெண்களின் இரவு ஷிப்ட் வாரமும் ஒன்றாக வந்து விழுந்தன. ஊர்க்கூட்டத்தில் மதினி எழுந்து நின்றாள். எங்கள் ஊரில் கோயில் வரி கொடுக்கிற ஆண்கள்தான் கூட்டத்தில் பேசுவது. பெரியவர் ஒருத்தர் கோயில் பொறுப்பில் இருந்தார், ஊருக்கே அண்ணாச்சி. "என்னம்மா?" என்றார். மதினி விஷயத்தைச் சொன்னாள். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "வழக்கம்னா வழக்கம்தாம்மா. நாளைக்கு ஊருல ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் ஒங்களத்தான் சொல்லுவாங்க, அது எனக்குப் பிடிக்கல" என்றார். பின்னாலிருந்து ஒருத்தன், "கால் நாட்டுத நேரத்துல எல்லாவளும் வெளியூருக்குப் போயிட்டா முடிஞ்சு போச்சுலே" என்று வழி சொன்னான். மதினி திரும்பிப் பார்த்தாள். "கால் நாட்டையில கொலவ போடுதது யாரு? நீ போடுவியாலே?" அதோடு அந்த யோசனை செத்தது.

நான் ரகசியமாக அவளிடம் சொல்லிப் பார்த்தேன். ரெண்டு நாள் போய்விட்டு வந்தால் அம்மன் கண்ணைக் குத்திவிடமாட்டாள் என்றேன். "அம்மன் கோவிச்சுக்கிட மாட்டா தம்பி, அவளும் பொம்பளதான. ஊருதான் கோவிச்சுக்கிடும். அதோட எனக்கே மனசு வரல. சின்னப் பிள்ளையில இருந்து நின்ன எடத்துல நிக்காமப் போனா வேலை ஓடுமா எனக்கு?" என்றாள். பிறகு குரல் தாழ்ந்தது. "ஆனா பஸ்ஸு நின்னா, மறுபடியும் அந்தச் சுளகைத் தூக்கி மடியில வைக்க என்னால முடியாது. செத்தாலும் முடியாது." அன்றைக்குத்தான் அவள் கண்ணில் நான் பயத்தைப் பார்த்தேன். அண்ணன் விபத்தில் மாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அந்த முகம் அப்படி ஆனதில்லை.

ஆலைக்குப் பக்கத்திலேயே ஒரு விடுதி உண்டு. ஒடிசாவிலிருந்து வந்த பெண்பிள்ளைகள் அதில் தங்கி வேலை பார்த்தார்கள். அடுத்த வரிசை அவர்களுடையது. இந்த இரண்டு கூட்டமும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் சிரிக்கும், அவ்வளவுதான் உறவு. கான்டீனில் நம்மவர்கள் புளிக்குழம்பை அள்ளிப் போடுவதையும் அவர்கள் வெறும் பருப்பும் சோறும் தின்பதையும் பார்த்துப் பரஸ்பரம் பரிதாபப்பட்டுக்கொள்வார்கள். கொடை வாரத்தில் அவர்களுக்குப் பகல் ஷிப்ட். வயலில் ஆள் கிடைக்காத காலத்தில் நீ என் நடுகைக்கு வா, நான் உன் நடுகைக்கு வாரேன் என்று மாற்றிக்கொள்வதில்லையா, அதைத்தான் மதினி நினைத்தாள். அவர்கள் நம் இரவை வாங்கிக்கொள்ளட்டும், நாம் அவர்கள் பகலை வாங்கிக்கொள்வோம். கொடையன்றைக்கு மட்டும் அவர்கள் தங்கள் வார லீவை விட்டு நமக்காக நிற்கட்டும். "இந்தி ஒங்களுக்குத் தெரியும்லா, வாங்க" என்று என்னை இழுத்துக்கொண்டு விடுதி வாசலுக்குப் போனாள். பம்பாயில் நான் கற்ற இந்தி, சரக்குக்கும் சண்டைக்கும் மட்டும் உதவுகிற இந்தி.

போனவள் வெறுங்கையோடு போகவில்லை. ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள். ஒரு காரியத்துக்கு ஒருத்தரை அழைப்பதென்றால் வெற்றிலை வைத்துத்தான் அழைக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். எதிரில் வந்தவள் அந்தக் கூட்டத்தில் மூத்தவள், இருபத்து நான்கு வயது இருக்கும். தட்டை நீட்டியதும் அவள் முகம் மலர்ந்தது. நம் வழக்கப்படி தட்டைத் தொட்டு வாங்கி, சம்மதம் சொல்லி, உள்ளே கொண்டுபோய் வைப்பாள் என்று மதினி எதிர்பார்த்தாள். அவளோ ஒரு வெற்றிலையை எடுத்துத் துடைத்து, பாக்கை வைத்து மடித்து, எங்கள் முன்னாலேயே வாயில் போட்டு மென்றாள். கூட இருந்தவர்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தாள். அவர்கள் ஊரில் வெற்றிலை என்றால் உயிராம். மதினி திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். நான் இன்னும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. "கேக்கதுக்கு முன்னயே வெத்தல போட்டுட்டாளே தம்பி" என்றாள். அப்புறம் சமாளித்துக்கொண்டு, "சரி, வாயிலயே போட்டாச்சு, இனிம மாத்திப் பேச முடியாதுன்னு சொல்லுங்க" என்றாள். சொன்னேன். ஒடிசாப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூத்தவள் ஒன்றே ஒன்று கேட்டாள். எங்களுக்கு ஒரு நாள் வரும், அன்றைக்கு நீங்கள் நிற்பீர்களா? மதினி அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்து, "நிப்போம்" என்றாள்.

மேலாளரிடம் நானும் மதினியும் அந்த மூத்தவளுமாகப் போனோம். அவர் ஷிப்ட் தாளை வெகுநேரம் பார்த்தார். பேப்பரில் சரியாகத்தான் வருகிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு கண்டிஷன் போட்டார். "இவங்க உங்களுக்கு நிப்பாங்க, எனக்கு நம்பிக்கை இருக்குதுங்க. இவங்க நாள் வரும்போது உங்க ஊர்க்காரங்க நிப்பாங்களான்னுதான் தெரியலீங்க. அன்னைக்கு ஒருத்தர் குறைஞ்சாலும் பஸ்ஸை நிறுத்திருவேன்ங்க. அப்புறம் என்கிட்ட வரக்கூடாது." மதினி சரி என்றாள். வெளியே வந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

கொடை நன்றாக நடந்தது. கால் நாட்டையில் குலவை போட்டார்கள், பொழுது அடைவதற்குள் பகல் ஷிப்ட் முடிந்து ஊர் வந்து சேர்ந்தார்கள், செவ்வாய்க்கிழமை பொங்கலிட்டார்கள். வரிசை ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. விடுதிக்குப் படைப்புச் சோறு ஒரு தூக்குப்போணி நிறையப் போயிற்று.

அவர்களுடைய நாள் ஆனி பிறக்கிற சமயத்தில் வந்தது. ரஜோ என்று பேர். மூன்று நாள். அந்த நாட்களில் பூமாதேவிக்குத் தீட்டு, அவள் ஓய்வெடுக்கிறாள், அதனால் யாரும் மண்ணைக் கிளறக்கூடாது, ஏர் பூட்டக்கூடாது. பெண்பிள்ளைகள் ஒரு வேலையும் செய்யக்கூடாது. அரைக்கக்கூடாது, சமைக்கக்கூடாது. புதுத்துணி உடுத்தி, மரத்தில் ஊஞ்சல் கட்டி ஆட வேண்டும், அவ்வளவுதான். நான் இதை மதினிக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது நம்பவில்லை. ஒழுங்காகக் கேட்டுச் சொல்லும்படி என்னைத் திருப்பி அனுப்பினாள். இரண்டாம் தடவையும் அதையே சொன்னேன். "இங்கன தீட்டுன்னா ஒதுங்கிப் போன்னு சொல்லுவாங்க. அங்கன ஊஞ்சல்ல உக்காருன்னு சொல்லுதாங்களா? அது எந்தச் சாமி தம்பி? நல்ல சாமியா இருக்கே." ஊருக்குப் போக இரண்டு நாள் ரயில், வர இரண்டு நாள். அதற்கு லீவு இல்லை. அந்த மூன்று நாளும் அவர்களுக்கு இரவு ஷிப்ட், எங்கள் வரிசைக்குத்தான் மெஷின் பராமரிப்பு லீவு. விடுதியில் ஊஞ்சல் கட்ட மரமும் இல்லை. "எங்க ஊருல புளிய மரம் இருக்குல்லா" என்றாள் மதினி. பெண்களை இரவு ஷிப்டுக்கு ஏற்றிப் போக பஸ் எப்படியும் காலியாகத்தானே ஊருக்கு வருகிறது, அதில் அந்தப் பிள்ளைகள் வந்து எங்கள் வீடுகளில் தங்கட்டும், நம்மவர்கள் அதே பஸ்ஸில் போய் அவர்கள் இடத்தில் நிற்கட்டும் என்று ஏற்பாடு. விடுதிப் பொறுப்பாளரிடம் நான் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினேன்.

ஆனால் எனக்குள் பயம் இருந்தது. கொடைக்கு முன்னால் எல்லாரும் நல்லவர்கள், கொடை முடிந்த பிறகுதான் மனுஷர்களைத் தெரியும். பள்ளிக்கூடம் திறந்த வாரம். அணை திறந்து கார் நெல் நடுகை ஆரம்பித்து, நடுகைக்கு ஆள் இல்லாமல் வயல்காரர்கள் வீடு வீடாக வந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கள் லீவை விட்டு யாருக்காகவோ இரவு கண்விழிக்க எத்தனை பேர் வருவார்கள்? முதல் நாள் சாயங்காலம் நான் பஸ்ஸிலேயே ஊருக்குப் போனேன். ஒடிசாப் பெண்கள் புதுப்பாவாடையும் காலில் சிவப்புச் சாயமுமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். கோயில் முக்கில் பஸ் நின்றது. அங்கே ஒருத்தரும் இல்லை. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். ஒரு நாய் எழுந்து போயிற்று. இன்னொரு தடவை அடித்தார். மேலாளரிடம் என்ன சொல்வது என்பதைவிட, பின்னால் பாட்டை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைகளிடம் எந்த இந்தியில் என்ன சொல்வது என்றுதான் எனக்குத் தவிப்பாக இருந்தது.

புளிய மரத்துப் பக்கமிருந்து பதினான்கு பேரும் ஓடி வந்தார்கள். கையெல்லாம் கயிற்றுத் தும்பு. கிணற்று வடக்கயிறு எடுத்து ஊஞ்சல் கட்டினார்களாம், கட்டியதைச் சோதித்துப் பார்க்க ஒருத்தி ஏறி உட்கார, உடனே மற்றவர்களும் முறை கேட்க, நேரம் போனதே தெரியவில்லையாம். "ஏட்டி ஏறுங்க, ஏறுங்க" என்று மதினி எல்லாரையும் விரட்டி ஏற்றினாள். அவர்கள் இறங்க இவர்கள் ஏற, படிக்கட்டில் இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று மோதிச் சிக்கிக்கொண்டு சிரித்தது. ஒடிசா மூத்தவள் கையில் வீட்டுச் சாவியைத் திணித்துவிட்டுத்தான் மதினி கடைசியாக ஏறினாள்.

நான் இப்போது ஓசூரில் இருக்கிறேன், இதைவிடப் பெரிய ஆலை, இதைவிட நிறைய பஸ். தர்மபுரியிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். சம்பளம், வருகை, ஷிப்ட் எல்லாம் கணினியே பார்த்துக்கொள்கிறது. இளம்பெண்கள் இப்படி ஊரைவிட்டு ஊர் வந்து கஷ்டப்படுகிறார்களே என்று யாராவது பெருமூச்சு விட்டால் எனக்குக் கோபம் வருகிறது. கஷ்டம் உண்டுதான். எங்கள் காலத்தில் ஆண்கள் பட்ட கஷ்டம்தான் அது. ஆனால் நாங்கள் பம்பாயில் இத்தனை வருஷம் இருந்தும் பக்கத்துக் கடை பீகார்க்காரனுடைய பண்டிகை எதுவென்று கேட்டதில்லை. மதினி கேட்டாள். எங்கள் ஊர் ஆலையில் இன்றைக்கும் அந்த மாற்றல் நடக்கிறது. இப்போது ஒரு ஊர்க்காரர்களை ஒரே வரிசையில் நிறுத்துவதில்லை. மதினி வரிசைத் தலைவி. கொடை சீசன் வந்தால் எந்த ஊர்க்காரிக்கு எந்த ஊர்க்காரி நிற்பது என்று அவர்களே பேசித் தீர்த்துவிட்டு மேலாளருக்குச் சொல்கிறார்கள்.

அந்த ரஜோ மூன்று நாளும் ஊரில் நடந்ததை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். வந்த விருந்தாளிகள் வேலை செய்யக்கூடாது, வீட்டுப் பெண்கள் ஷிப்டில். மறுநாள் ஊருக்கு வந்து இறங்கிய என் அண்ணன், திருச்சூரில் ஊருக்கெல்லாம் பொங்கிப் போட்டவர், தன் வீட்டு அடுப்பை வாழ்நாளில் முதன்முதலாகப் பற்ற வைத்தார். கடைசி நாள் காலையில் பஸ் வந்தபோது நான் புளிய மரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். இரவு முழுக்க விளக்கைப் பார்த்த கண்கள் சிவந்து, மதினி இறங்கி வந்தாள். வீட்டைப் பார்த்து நடந்தவளை ஒடிசாப் பெண்கள் கையைப் பிடித்து இழுத்து ஊஞ்சலில் உட்கார வைத்தார்கள். வேண்டாம் வேண்டாம் என்றாள், சோறு பொங்கணும் என்றாள். "சோறு வெந்தாச்சு" என்று வீட்டுக்குள்ளிருந்து அண்ணன் குரல் வந்தது. மூத்தவள் பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளினாள். அந்த நேரத்தில்தான் என் போன் அடித்தது. மேலாளர். மூன்று நாளும் ஆள் குறையவில்லை, வரிசை நிற்கவில்லை, உங்கள் ஊருக்கு பஸ் எப்போதும்போல ஓடட்டும் என்றார். நான் ஊஞ்சலோடு கூடவே இரண்டு எட்டு ஓடி, "மதினி, பஸ் ஓடும்! இனிமே நிறுத்த மாட்டாங்க!" என்று கத்தினேன்.

அவள் காலை நீட்டி, இன்னும் கொஞ்சம் உயரத்துக்குப் போனாள்.

"ஓடட்டும் தம்பி. சாயங்காலம் வரைக்கும் நான் எங்கயும் ஓடல."